அருவிக்கு நீலம்

அருவியைக் கழற்றிவிடுவது என்று நான் முடிவெடுத்தபோது அது ஏற்கெனவே வாட்ஸப்பில் ஏறி முதலாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஏற்றியவர் எங்கள் தலைமையாசிரியர் நேசையன் சார். அவரிடம் எதைக் காட்டினாலும் போட்டோ எடுப்பார், எடுத்ததை யாருக்காவது அனுப்புவார், அனுப்பிய பிறகுதான் அது என்னவென்று கேட்பார்.

இராஜபாளையத்தில் மேற்கே மலை தெரிகிற ஒரு தெருவில் இருக்கிறது எங்கள் தொடக்கப் பள்ளி. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து நான்காம் வகுப்பைக் கட்டி மேய்க்கிறவள். பெயர் பரிபூரணம். கோபம் சீக்கிரம் வரும். அதிலும் கைவேலைக் கண்காட்சி என்றால் வருகிற கோபம் தனி. பிள்ளை செய்ய வேண்டியதை அப்பனும் ஆத்தாளும் உட்கார்ந்து தெர்மாக்கோலில் வெட்டி, பெயிண்ட் அடித்து, ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குவார்கள். பிள்ளை அதைத் தொடக் கூடாது, உடைந்துவிடும். அதனால் இந்த வருடம் ஒரு சட்டம் போட்டேன். கடையில் எதுவும் வாங்கக் கூடாது. வீட்டில் மிச்சம் மீதி கிடப்பதைக் கொண்டு வர வேண்டும். வகுப்பில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். தலைப்பு, நம்ம ஊர்.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. மளிகைக் கடை அபுபக்கர் பாய் மகள் சுமையா வெங்காயச் சாக்கைப் பிரித்துக் காடு செய்தாள். மில்லில் கழித்த நூல் கோன்களை அடுக்கிப் புகைபோக்கி நின்றது. ஊர்ப் பெயரைக் காப்பாற்றத் தேங்காய் நாரில் ஒரு நாய் வந்தது. பார்க்க ஆடு மாதிரி இருந்தது. ஆனால் செய்தது பிள்ளைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. என் பங்குக்குப் பால்கோவா அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தேன், அவை அடுக்கடுக்காக ஏறி எங்கள் ஊர்த் தேர் ஆகின.

எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தது வின்சியின் அருவி.

வின்சி ஒல்லியான பிள்ளை, பேச்சு குறைவு. அடுத்தவர் செய்ததைக் குனிந்து பார்த்துவிட்டு "பாஸ்" என்பாள், இல்லையென்றால் "ரிஜெக்ட்" என்பாள். அவளுடைய அம்மா கேத்ரின் பேண்டேஜ் துணி செய்கிற யூனிட்டில் செக்கிங் வேலை பார்க்கிறாள். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜையில் துணியை விரித்து, பாஸ் ஒரு பக்கம் ரிஜெக்ட் ஒரு பக்கம் என்று நாள் முழுக்கப் பிரிக்கிற வேலை. அப்பா லாரியில் போகிறவர், நினைத்தால் வருவார். அம்மாவின் அந்த மேஜைதான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது.

பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை விரித்துக் கரும்பலகை மேல் சாய்த்து, மலை வரைந்து, அய்யனார் கோவில் அருவியை அதில் இறக்கியிருந்தாள் வின்சி. மெல்லிய பேண்டேஜ் துணித் துண்டுகள் மேலிருந்து கீழே தொங்கின. மைதாப் பசையில் மேல் ஓரத்தை மட்டும் ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு நீல நூல் ஓடியது. அத்தனை நூலும் வளையாமல் நெளியாமல் இறங்கும்படி ஒரு வாரம் மெனக்கெட்டிருந்தாள். ஜன்னல் காற்றில் துணி அசைந்தால் தண்ணீர் விழுவது தெரிந்தது. பிள்ளைகளை எதிரில் வைத்துப் பாராட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கண்காட்சி அன்று காலை பிரேயர் முடிந்து பிள்ளைகள் கடைசி வேலையில் இருந்தார்கள். வானம் செல்வின் பொறுப்பு. வீட்டில் வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கொண்டுவந்து பிளாஸ்டிக் மக்கில் கரைத்து, அட்டையின் மேல் பக்கத்தில் பூசிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போனதும் பிரஷை நிறுத்தாமலே சொன்னான்.

"டீச்சர், இந்தத் துணிய வெளிய கொண்டு வரக் கூடாது."

"ஏலே, பேண்டேஜ் துணி இல்லாத வீடு இந்த ஊர்ல எங்க இருக்கு? காப்பி வடிகட்டவும் இட்லி ஊத்தவும் அதத்தானே வச்சிருக்கீக."

"அது வெறுந்துணி டீச்சர். அத யூனிட்லயே குடுப்பாக. இது நீல நூல் துணி. ஆபரேஷன் பண்ணும்போது வயித்துக்குள்ள வைக்கிறது. உள்ள மறந்து வச்சுட்டாகன்னா எக்ஸ்ரேல இந்த நூல் காட்டிக்குடுத்துரும். ஃபாரின் போற சரக்கு. வெட்டுன துண்டக்கூட சாக்குல போட்டு எட பாத்து எரிக்கணும்."

"ஒனக்கு எப்படில தெரியும்?"

"எங்க அம்மாவ யூனிட்ட விட்டு இதுக்குத்தான நிப்பாட்டுனாக. தம்பிக்கு சளின்னு மூக்கு தொடைக்க ஒரு துண்டு எடுத்துட்டு வந்தா. கேட்ல மேனேஜர் பாத்துட்டாரு."

அவன் குரலில் கோபம் இல்லை. வாய்ப்பாடு சொல்கிற மாதிரி சொன்னான்.  திரும்பிப் பார்த்தால் பின்னால் வின்சி நின்றுகொண்டிருந்தாள். கை நிறையப் பசை.

அவளைத் தனியே வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். "ஏட்டி, இந்தத் துணி ஒனக்கு எப்படி வந்தது?"

"அம்மா கொண்டாந்தா. மொதல்ல வெறுந்துணிதான் குடுத்தா. தண்ணின்னா நீலம் வேணும்னு நான் அழுதேன். பொறவு தெனமும் டிபன் டப்பா மூடிக்கு உள்ள மடிச்சு வச்சுக் கொண்டாந்தா." பசை ஒட்டிய விரல்களைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "யார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னா டீச்சர். நான் யார்ட்டயும் சொல்லல. ஒட்டத்தான் செஞ்சேன்."

கேத்ரின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. படித்துப் படித்துச் சொல்லி வைத்திருக்கிற இடத்தில், கேட்டில் டப்பாவைத் திறந்து பார்க்கிற இடத்தில், பிள்ளை அழுதாள் என்று இப்படியா ஒருத்தி வேலையைப் பணயம் வைப்பாள்? ஆத்திரம் வந்த வேகத்தில் வடிந்தும் போனது. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அருவியைக் கழற்றிவிடுவது, வேறு வழியில்லை. நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். உண்மையைச் சொல்ல முடியாது. நேசையன் சார் நல்ல மனுஷர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், ஆனால் அவர் காதில் ஒன்றைப் போடுவதும் ஊருக்குத் தண்டோரா போடுவதும் ஒன்றுதான்.

"சார், அந்த அருவி பசை நாறுது. எடுத்துரலாம்னு பாக்கேன்."

அவர் சிரித்தபடி போனைத் திருப்பிக் காட்டினார். "எடுக்கவா? டீச்சர், நேத்தே பாலகணேஷ் மொதலாளிக்கு போட்டோ அனுப்பிட்டேன். ‘தங்கள் யூனிட் துணியில் எங்கள் மாணவி படைத்த அருவி’ன்னு. காலையில ரிப்ளை வந்துருச்சு. வெயில் தாழ அவியளே வாராக. மேனேஜரையும் கூட்டிட்டு வாராகளாம்."

பாலகணேஷ், கேத்ரின் வேலை பார்க்கிற யூனிட்டின் முதலாளி. மழைக்கு ஒழுகுகிற எங்கள் கூரைக்கு ஷீட் போட்டுத் தருவதாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நேசையன் சார் அந்த ஷீட்டை ராத்திரி கனவில்கூடப் பார்க்கிறவர்.

"எந்த மேனேஜர் சார்?"

"ராம்கி. அவருதான எல்லாம் பாக்குறது."

செல்வினுடைய அம்மாவைக் கேட்டில் பிடித்த அதே ராம்கி. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்கள். எங்கள் சார் அதற்கு விலாசமும் எழுதி வீட்டுக்கே வரவழைத்திருந்தார்.

வகுப்புக்குத் திரும்பியதும் கதவைச் சாத்தினேன். அருவி இருக்க வேண்டும், நூல் இருக்கக் கூடாது. அதுதான் கணக்கு. மற்ற பிள்ளைகளை முற்றத்தில் தோரணம் கட்ட அனுப்பிவிட்டு வின்சியை மட்டும் வைத்துக்கொண்டேன். செல்வின் வானத்தை முடிக்கவில்லை என்று சொல்லி நகராமல் நின்றான். அவனை நான் விரட்டவில்லை. எல்லாம் தெரிந்தவனை வெளியே அனுப்புவதைவிட உள்ளே வைத்துக்கொள்வது நல்லது என்று பட்டது.

முதலில் வெள்ளைப் பெயிண்டை எடுத்து நூல் மேல் பூசினேன். துணியில் பிடித்தது, நூலில் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் கலந்த நூல் போலிருக்கிறது, பெயிண்ட் முத்து முத்தாக உருண்டு இறங்கியது. சுற்றி வெள்ளை ஏற ஏற நீலம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. இருந்ததைவிட மோசமாக்கிவிட்டேன். பிறகு ஊசியால் நூலைக் கிளப்பி உருவப் பார்த்தோம். ஒன்று முழுசாக வந்தது. அடுத்ததை இழுத்தபோது துணியே கிழிந்து தொங்கியது. வின்சி அந்தக் கிழிசலைப் பசை தடவி ஒட்டினாள்.  அருவியின் அடிப்பக்கத்தில் பஞ்சைப் பிய்த்து நுரை மாதிரி அப்பினோம். கால்வாசி மறைந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், வேறென்ன.

"டீச்சர், அம்மாவ நிப்பாட்டிருவாகளா?" என்று கேட்டாள் வின்சி.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ பஞ்சப் பிய்யி."

பொய் சொன்னேன் என்று அவளுக்குத் தெரிந்தது. பஞ்சைப் பிய்க்க ஆரம்பித்தாள். நான் செல்வின் பக்கம் திரும்பினேன்.

"ஏலே செல்வின், மொதலாளி வரும்போது நீ வாயத் தொறக்கக் கூடாது. தெரியுதா?"

அவன் மக்கில் பிரஷை முக்கி எடுத்தான். "எங்க அம்மா ஒரு துண்டுதான் எடுத்தா டீச்சர். இவுக அம்மா எம்புட்டு எடுத்திருக்காக."

"இருக்கட்டும்ல."

"அப்ப எங்க அம்மாவ மட்டும் ஏன் நிப்பாட்டுனாக?"

  செல்வின் வீட்டில் இப்போது அவன் அம்மா தீப்பெட்டி ஒட்டுகிறாள், கேட்டால் உடம்புக்கு முடியவில்லை அதனால் நின்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறாள். அது எனக்குத் தெரியும். அவன் இன்று வாயைத் திறந்தால் நான் அவனைத் திட்ட முடியுமா என்றும் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு வருவதாகச் சொன்னவர்கள் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு வந்துவிட்டார்கள். கார் சத்தம் கேட்டபோது அருவியின் மேல் பாதி அப்படியே இருந்தது. வெள்ளைப் பெயிண்ட் காயாமல், நடுநடுவே நீலக் கோடுகள். ஜன்னல் கதவைச் சாத்தினேன், கொஞ்சம் இருட்டாகட்டும் என்று. உள்ளே வந்த நேசையன் சார் வந்ததும் வராததுமாக அதைத் திறந்துவிட்டார்.

பாலகணேஷ் முதலாளி சத்தம் போடாத மனிதர். வெள்ளைச் சட்டை, மெதுவான நடை. தேங்காய் நாயைப் பார்த்து, "நம்ம ஊரு நாய்தானே?" என்று செய்தவனிடமே கேட்டார். அவன் தலையாட்டியதும் திருப்தியாக அடுத்ததற்குப் போனார். அவருக்குப் பின்னால் ராம்கி. குட்டையான ஆள், கண் ஓரிடத்தில் நிற்காது. மேஜைக்கு அடியில்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கேட்டில் நின்று பழகிய கண் அப்படித்தான் இருக்கும்.

அவரவர் செய்ததற்குப் பக்கத்தில் அவரவர் நிற்க வேண்டும் என்று நானே சொல்லியிருந்தேன். அருவிக்கு இந்தப் பக்கம் வின்சி, அந்தப் பக்கம் வானத்துக்குச் சொந்தக்காரன் செல்வின். கையில் நீல மக்கு. காய்ந்த இடத்தைத் தொட்டுப் பூசிக்கொண்டே இரு என்றும் நான்தான் சொல்லியிருந்தேன். வாய் சும்மா இருக்கக் கைக்கு வேலை கொடுக்கலாம் என்கிற நினைப்பு.

தேரைப் பார்த்தார்கள். காட்டைப் பார்த்தார்கள். என் வாய் அந்தோணியாரை வேண்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் அருவி முன்னால் வந்து நின்றார்கள்.

"இதான் சார் அது," என்றார் நேசையன் சார்.

முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு செத்த நேரம் பார்த்தார். "பாகுந்தி," என்று ராம்கியிடம் தெலுங்கில் சொன்னார். பிறகு வின்சியைப் பார்த்து அதையே தமிழில் சொன்னார். "நல்லா இருக்கும்மா. நம்ம யூனிட் துணியா? யாரு குடுத்தா?"

வின்சி தரையைப் பார்த்தாள்.

"கூச்சம் சார்," என்றேன். "வீட்டுல கெடந்த பழைய துணி."

"பழைய துணி மாதிரி தெரியலையே." இது ராம்கி. அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டினார். "நடுவுல என்ன கோடு இது?"

"தண்ணி இறங்குறது சார், தண்ணி," என்றார் நேசையன் சார், தானே வரைந்த மாதிரி பெருமையாக.

"வரஞ்சதா, நூலா?"

 செல்வின் ராம்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆள்தான் அவன் அம்மாவைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியவர், அதை அவன் மறந்திருக்கவில்லை. அவன் உதடு பிரிந்தது. நான் அவனைப் பார்த்துத் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. ராம்கி துணியின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கக் கையை நீட்டினார்.

வின்சி இரண்டு எட்டில் அந்தப் பக்கம் போனாள். செல்வின் கையிலிருந்த மக்கைப் பிடித்தாள். ஒரு நொடி இரண்டு பேர் கையிலும் அது இருந்தது. பிறகு செல்வின் கையை எடுத்துக்கொண்டான். அவன் விட்டதை நான் பார்த்தேன். அவள் பிடுங்கவில்லை, அவன்தான் விட்டான்.

மக்கில் இருந்தது முழுக்க அருவி மேல் போனது. உச்சியிலிருந்து நீலம் இறங்கி, பேண்டேஜ் துணி அதைக் குடித்துக் குடித்துக் கீழே விட்டது. மலை, மரம், பஞ்சு நுரை எல்லாம் நனைந்தன. தெறித்தது முதலாளியின் சட்டையிலும், நீட்டிய கையோடு நின்ற ராம்கியின் முகத்திலும் விழுந்தது. சுமையா வீறிட்டு அழ ஆரம்பித்தாள், அவளுடைய காடும் அதில் போய்விட்டது.

எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததை முகத்தில் காட்டக் கூடாது என்பதும் புரிந்தது.

"ஏட்டி, ஒனக்குப் புத்தி இருக்கா?" என்று கத்தினேன். என் கத்தல் பள்ளிக்கூடத்தில் பிரபலம், அன்றைக்கு அதையும் தாண்டிக் கத்தினேன். "ஒரு வாரமா எல்லாரும் சேந்து செஞ்சத இப்படியா நாசம் பண்ணுவ? ஒன்ன எல்லாம் எவ பெத்தா? போ வெளிய. போய் வெயில்ல நில்லு."

கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம். அவள் என்னை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

"மக்க யாருல வச்சிருந்தது?" என்றார் நேசையன் சார் நடுங்கிக்கொண்டே.

"நான்தான் சார்," என்றான் செல்வின்.

"நீயும் போ."

அவனும் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டான்.

ராம்கி முகத்தைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறவர் மாதிரி துணி ஓரத்தைப் பிடித்தார். கை மணிக்கட்டு வரை நீலமானது. திருப்பினார். அந்தப் பக்கமும் நீலம். சொட்டு நீலம் வழிந்து அவர் சட்டைக் கைக்குள் இறங்கியது. சலித்துப்போய் விட்டுவிட்டு, "யாரு மக அது?" என்று கேட்டார்.

"உங்க யூனிட்தான் சார். செக்கிங் கேத்ரின் மக," என்றார் எங்கள் சார். கேட்டதற்கு மேலேயே சொல்லிப் பழக்கம் அவருக்கு.

"பிள்ளைய வளத்திருக்கா பாருங்க," என்றார் ராம்கி.

முதலாளி சட்டையை உதறிக்கொண்டார். "விடுங்க, பிள்ளைகதான," என்றார். ஆனால் முகம் சுருங்கிவிட்டது. காபிக்கு உட்காரவில்லை. கூரையைப் பற்றிய பேச்சும் வரவில்லை. கார் போன பிறகு நேசையன் சார் என்னிடம் பேசியதை இங்கே எழுத விருப்பமில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒருவர் திட்டி நான் பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்தபோது இரண்டு பேரும் வேப்பமர நிழலைத் தொடாமல் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். நான் சொன்னது வெயில் அல்லவா. இழுத்து நிழலில் உட்கார வைத்தேன்.

"ஏன் ஊத்துன?" என்று கேட்டேன். தெரிந்திருந்தும் கேட்டேன்.

வின்சி விரல் இடுக்கில் இருந்த நீலத்தைப் பாவாடையில் துடைத்தாள். "நூல வெள்ளையாக்கத்தான டீச்சர் பாத்தோம். ஆகல. அதான் துணிய நீலமாக்கிட்டேன்."

காலை முழுக்க நானும் பெயிண்டும் ஊசியும் பட்ட பாட்டுக்கு இது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நான் செய்திருக்க மாட்டேன். அது என் அருவி இல்லை, அவளுடையது. அவள் செய்தாள்.  அவள் தலையில் கை வைத்தேன்.

செல்வின் குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டே, "நான் சொல்லியிருக்க மாட்டேன் டீச்சர்," என்றான். கொஞ்சம் கழித்து, "சொல்லணும்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு," என்றான்.

"ரெண்டு பேரும் கேளுங்க. இது நம்ம மூணு பேரோட. யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது. வீட்டுலயும்."

"அம்மாட்ட?" என்றாள் வின்சி.

"அம்மாட்டயும். அவ பயந்துருவா."

தலையாட்டினாள். யாரிடமும் சொல்லாதே என்றால் சொல்லாத பிள்ளை.

ஷிப்ட் முடிந்து கேத்ரின் வந்தபோது மற்ற பிள்ளைகள் எல்லாம் போயிருந்தார்கள். நானும் வின்சியும் வகுப்பைக் கழுவிக்கொண்டிருந்தோம். யூனிட் தொப்பியைக்கூடத் தலையிலிருந்து கழற்றாமல் ஓடி வந்திருந்தாள் கேத்ரின். என்னைப் பார்க்கவில்லை. நேராக மகளிடம் போய்க் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"மொதலாளி மேல சாயத்த ஊத்துனியாமே. மேனேஜர் அத்தன பேரு முன்னாடி வச்சு, பிள்ளைய ஒழுங்கா வளக்கணும்னு சொல்றாரு. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுட்டு உள்ள போவேன்? ஒனக்காக நான் என்னெல்லாம் பண்ணேன், சனியனே."

வின்சி அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வைகூட இல்லை. சொல்லவில்லை பாருங்கள் என்கிற பார்வை. கேத்ரின் மறுபடி கையை ஓங்கினாள். அந்தக் கையை நான் பிடித்தேன்.

"அடிக்காத கேத்ரின். ஒன் டிபன் டப்பா மூடில வந்த துணிய மேனேஜர் கையில புடிக்கப் போனாரு. நூலான்னு கேட்டாரு. அதுக்குத்தான் ஊத்துனா. அவ அருவிய அவளே அழிச்சா. ஒன்ட்டகூட சொல்லாதன்னு நான்தான் சொல்லியிருந்தேன்."

கேத்ரினின் கை என் பிடியில் தளர்ந்தது.  "பாத்துட்டாரா டீச்சர்?"

"பாக்கல. பாத்திருந்தா ஒழுங்கா வளக்கணும்னு சொன்னதோட விட்டிருப்பாரா?"

அவள் மெதுவாக அட்டைப் பக்கம் போனாள். அருவி பாதி காய்ந்து விறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு துண்டைக் கழற்றி ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். சாய்ந்த வெயிலுக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். யூனிட்டில் மேஜை விளக்கில் நாள் முழுக்கப் பார்ப்பது மாதிரி மேலிருந்து கீழ் வரை கண்ணை ஓட்டினாள். திருப்பிப் பிடித்து மறுபடி பார்த்தாள். அடுத்த துண்டைக் கழற்றினாள். அதையும் பார்த்தாள்.

"இந்த நூல் இருக்கான்னு பாக்குறதுதான் டீச்சர் என் வேல," என்றாள் திரும்பாமலே. "தெரியலன்னா ரிஜெக்ட் போடணும். எனக்குத் தெரியாம ஒரு துண்டு போனதில்ல." துண்டை மறுபடி வெளிச்சத்தில் தூக்கினாள். "இதுல எனக்கே தெரியல."

வின்சி போய் அவள் பக்கத்தில் நின்றாள். ஒரு கன்னம் சிவந்திருந்தது. அம்மா கையில் இருந்த துண்டைத் தானும் குனிந்து பார்த்தாள்.

"பாஸாம்மா?" என்று கேட்டாள்.

கேத்ரின் துணியைக் கீழே போட்டுவிட்டு மகளின் அடிபட்ட கன்னத்தில் கையை வைத்தாள். உள்ளங்கை நீலம் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"பாஸ்," என்றாள்.